கணவாயும் குடலும் – கடிதம்

அன்புள்ள சார்,

ஹவாய்க் கடலின் குட்டிக் கணவாய்க்குள் பாக்டீரியாக்கள் 'பேசிக்கொண்டு' ஒளிவிடுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் தம்பிக்கு 26 வயது, இரண்டு வருடமாகக் கிரோன்ஸ் என்ற தீராத குடல் அழற்சி நோய். அவன் குடலிலும் அவை பேசுமா? என்ன பேசும்? பரீட்சை, இன்டர்வியூ என்று பதற்றப்பட்டால் அவனுக்கு அதிகமாகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பழைய சோறும் தயிரும் சாப்பிட்டால் போதும், மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் பெரியப்பா.

(பெயர் வேண்டாம்), தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாத்திரையை விடவேண்டாம். என் மைத்துனருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதுவும் குடல் அழற்சிதான், பெருங்குடலில் வருவது. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் எல்லாரும் பந்தி எங்கே என்று பார்ப்பார்கள், அவர் கக்கூஸ் எங்கே என்று பார்ப்பார். நான்கு மாதம் வயிறு சும்மா இருந்ததை நம்பி மெசலமைன் என்ற அழற்சி மாத்திரையை அவராகவே நிறுத்தினார், அப்புறம் ரத்தமாகப் போய், ஸ்டீராய்டு ஏற்றி, முகம் பூசணிக்காய் மாதிரி உப்பித்தான் வீடு திரும்பினார்.

சரி, பேச்சுக்கு வருவோம். 'பேசுகின்றன' என்று நான் எழுதியது கொஞ்சம் அதிகப்படி. வாசனை என்று சொல்லியிருக்கலாம். தெருவில் ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டுக்கு மட்டும் தெரியும், இருபது வீட்டில் வறுத்தால் தெருமுனையில் திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலக்கூறைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் சேரச் சேர அது அடர்கிறது, ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் மரபணுக்களை இயக்கித் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. ஒளிவிடும் கடல் பாக்டீரியாவை வைத்து நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் 1970இல் இதைக் காட்டினார்கள். 'கோரம் சென்சிங்' என்ற பெயர் 1994இல்தான் வந்தது. நம் சங்கக் கூட்டங்களில் ஆள் சேராமல் தள்ளிப்போடுவார்களே, அதே கோரம்தான்.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதில் எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸின் செயின்ட் அந்துவான் மருத்துவமனைக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமானவர்களின் மலத்தைச் சோதித்தபோது ஏஎச்எல் என்ற இந்த வாசனைக் குடும்பத்தில் அதுவரை தெரியாத ஒன்று கிடைத்தது. குடல் அழற்சி நோயாளிகளிடம் அது குறைவு, நோய் முற்றியிருக்கும் நாட்களில் இன்னும் குறைவு. அது இருப்பவர்களிடம் ஃபீக்காலிபாக்டீரியம் பிரௌஸ்னிட்சி என்ற நல்ல பாக்டீரியா அதிகமாகவும் ஈ.கோலை குறைவாகவும் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குடல் செல்களில் அழற்சியைத் தூண்டிவிட்டு இந்த மூலக்கூறைச் சேர்த்தபோது, அவை வெளிவிடும் ஐஎல்-8 என்ற அபாய அறிவிப்பும் குறைந்தது. ஆக இது பாக்டீரியாக்களின் உள்விவகாரம் மட்டும் இல்லை, குடல்சுவரும் ஒட்டுக்கேட்கிறது.

ஆனால் ஆள் குறைந்ததால் வாசனை குறைந்ததா, வாசனை போனதால் ஆள் போனார்களா? அதை அந்த ஆய்வு சொல்லவில்லை, அப்படிப்பட்ட ஆய்வால் சொல்லவும் முடியாது. இதை விட்டுவிட்டுத்தான் 'குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் எல்லாம் சரி' என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். வாசனையை நாமே திருப்பிக் கொடுத்தால் என்ன என்று போர்ச்சுகலில் கரீனா சேவியர் குழு எலிகளில் பார்த்தது. ஆன்டிபயாட்டிக் தின்று நிலைகுலைந்த குடலில் ஏஐ-2 என்ற வேறொரு சமிக்ஞையை ஏற்றியபோது, அழிந்துகொண்டிருந்த ஒரு பெரிய பாக்டீரியாப் பிரிவு ஓரளவு மீண்டது. 2015இல் வந்த ஆய்வு அது. எலிக்கு கிரோன்ஸ் இல்லை என்பதை மறக்கவேண்டாம்.

பதற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. நாம் பதறும்போது சுரக்கும் அட்ரினலினையும் அதன் தம்பி நார்அட்ரினலினையும் சில பாக்டீரியாக்கள் தங்கள் சமிக்ஞை மாதிரியே படித்துக்கொள்கின்றன. ரத்த வயிற்றுப்போக்கு தரும் ஒரு ஈ.கோலை வகையில் வனெஸா ஸ்பெராண்டியோ 2003இல் காட்டியது இது. தம்பிக்கு அதே வகை இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிரோன்ஸ்காரர்களின் சிறுகுடல் முனையில் அடிக்கடி காணப்படும், செல்லில் ஒட்டி உள்ளே புகும் ஈ.கோலை வேறு ஜாதி.

தயிரில் இருப்பவை லாக்டோபேசில்லஸ் மாதிரியான பாக்டீரியாக்கள். மேலே சொன்ன நல்ல பாக்டீரியா பிரௌஸ்னிட்சி காற்றுப் பட்டாலே செத்துப்போகும், தயிர்ப் பானையில் அதற்கு என்ன வேலை? மாத்திரையாக விற்கும் புரோபயாட்டிக்கைக்கூட, ஆய்வுக்கு வெளியே கிரோன்ஸுக்குப் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை என்றுதான் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020இல் சொன்னது. தயிர் ஒத்துக்கொண்டால் தம்பி தாராளமாகச் சாப்பிடட்டும். குடல் எங்காவது சுருங்கியிருந்தால் நார்ச்சத்து விஷயத்தில் மட்டும் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

பெரியப்பா மறுபடி ஆரம்பித்தால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு பார்த்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். வலி இல்லாத நாட்களிலும் உள்ளே அழற்சி இருந்தால் அந்த எண் ஏறும். மைத்துனர் அந்த நான்கு மாதத்தில் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை.