வியர்ட் என்றால் ஊழ்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம் நடத்துகிறேன். அதில் வரும் மூன்று சூனியக்காரிகளைக் குறிக்கும் ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்பதற்கு ‘விசித்திரச் சகோதரிகள்’ என்று பொருள் சொன்னேன். ஒரு மாணவி, “அகராதியில் அந்தச் சொல்லுக்கு விதி என்றும் போட்டிருக்கிறதே?” என்று கேட்டாள். எது சரி?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாணவி சொன்னதுதான் சரி. அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஷேக்ஸ்பியர் அந்த நாடகத்தை எழுதியது 1606 வாக்கில். அவர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலே இந்த மூவரையும் ‘வியர்ட் சிஸ்டர்ஸ், அதாவது விதியின் தேவதைகள்’ என்று விளக்குகிறது. விசித்திரம் என்ற பொருள் பெருவழக்கானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு வழி திறந்ததும் இந்த நாடகமே. தாடி வைத்த மூன்று பெண்களை மேடையில் கண்டவர்கள், அவர்களுடைய தோற்றத்தையே சொல்லின் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

பழைய ஆங்கிலத்தில் அது ‘விர்ட்’ என்ற பெயர்ச்சொல். ‘ஆதல்’ என்னும் வினையோடு உறவுடையது. ஜெர்மன் மொழியில் ‘வெர்டன்’ என்று அந்த வினை இன்றும் இருக்கிறது. இன்னும் ஆழத்தில், திரும்புதல், சுழலுதல் என்ற வேர். சம்ஸ்கிருத ‘வ்ருத்’தும் அதே வேர்தான். நாம் பாடும் விருத்தம் அந்த வழியில் வந்த சொல்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆங்கிலத்தில் விதியைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘ஃபேட்’, லத்தீனில் ‘சொல்லப்பட்டது’ என்று பொருள்படும் ‘ஃபாட்டும்’ என்பதிலிருந்து வந்தது. அங்கே சொல்பவன் ஒருவன் இருக்கிறான். நம் ‘விதி’யும் அப்படித்தான், விதித்தவன் இல்லாமல் விதி இல்லை. ‘வியர்ட்’டில் அப்படி எவரும் இல்லை. ஒன்று வேறொன்றாக ஆகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு நேரான சொல் தமிழில் உண்டு: ஊழ். ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல். கற்றதை விளங்க எடுத்துரைக்கத் தெரியாதவரை வள்ளுவர் ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ என்கிறார்: கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ.

ஆகவே ‘ஊழின் சகோதரியர்’ என்று சொல்லிக்கொடுங்கள். விசித்திரம் என்றால் நாடகத்தின் கேள்வியே மறைந்துபோகும். அந்தப் பெண்கள், நீ அரசனாவாய் என்று சொல்லி, தளபதி மெக்பெத்தை மன்னனின் கொலைக்கு ஏவினார்களா, அவனுக்குள் முதிர்ந்துகொண்டிருந்ததைக் கண்டு சொன்னார்களா? மெக்பெத்தின் தோழன் பாங்கோ அவர்களிடம் கேட்பதை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். காலத்தின் விதைகளுக்குள் பார்த்து, எந்த மணி முளைக்கும், எது முளைக்காது என்று உங்களால் சொல்லமுடியுமானால் என்னிடமும் பேசுங்கள் என்கிறான் அவன்.