18ஆ, 19ஆ, 20ஆ?

அண்ணா, வணக்கங்க. பல்லடம் பக்கம் எங்களுக்குத் தறி ஓடுகிறது. கூலி பில் போட்ட பிறகு எத்தனை நாளில் பணம் வருகிறது என்று பார்க்க, ஜாவாஸ்கிரிப்ட்டில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பில் 2024 பிப்ரவரி 20. பணம் வந்தது மார்ச் 10. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் 20 வருகிறது. தேதிகளைக் கழித்து, நாளாக மாற்றி, பின்னத்தை வெட்டினால் 18. அப்பா காலண்டரைப் பார்த்து 19 என்கிறார். புரோகிராமையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

— வாசகர், பல்லடம்

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னதுதான் சரி. 2024 லீப் வருடம். பிப்ரவரியில் மீதி 9, மார்ச்சில் 10.

30 நாள் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். 18 எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பில் தேதியை '2024-02-20' என்று எழுத்தாகவே கொடுத்திருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கிரீன்விச் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை 5.30. பணம் வந்த தேதியை வருடம், மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறீர்கள். அது நம்மூர் நள்ளிரவு. ஆக, 19 நாளில் ஐந்தரை மணி நேரம் குறைகிறது. பின்னத்தை வெட்டும்போது ஒரு நாளே போய்விடுகிறது. வெட்டாமல் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றினால் இங்கே 19 கிடைக்கும். ஆனாலும் மணி நேரத்தையே உள்ளே விடாமல் இருப்பதுதான் நல்லது.

ஒவ்வொரு தேதியையும் ஒரே தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள் எண்ணாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். நம் பஞ்சாங்கக்காரர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாளை எண்ணி வந்ததும் இதே முறைதான். மார்ச்சை முதல் மாதமாக வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி போன வருடத்தோடு சேரும். அப்போது லீப் நாள் வருடக் கடைசிக்குப் போய்விடும், தொந்தரவே இல்லை. மார்ச் முதல் ஜூலை வரை 31, 30, 31, 30, 31, கூட்டினால் 153. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையும் அதே வரிசை, அதே 153. அதனால் மார்ச்சை 0 என்று எண்ணி, மாதத்தை 153ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால், அந்த மாதத்துக்கு முன் போன நாட்கள் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சூத்திரம் இது. அதோடு வருடம் × 365, வருடத்தை 4ஆல் வகுத்த ஈவு ஆகியவற்றைக் கூட்டி, 100ஆல் வகுத்த ஈவைக் கழித்து, 400ஆல் வகுத்த ஈவைக் கூட்டி, கடைசியில் தேதியைச் சேருங்கள். உங்கள் பில்லுக்கு 7,39,242. பணம் வந்த நாளுக்கு 7,39,261. கழித்தால் 19.

அப்புறம், முதல் நாளைச் சேர்ப்பதா என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யாது. இரண்டு நாளையும் எண்ணும் வழக்கமுள்ள இடத்தில் 1 கூட்டுங்கள். உங்கள் கூலி பில்லுக்கு அது வேண்டாம். சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. அது எண்ணப்படுவது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. அந்த நாள் கணக்கில் வராது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு, மாதக் கூட்டு வட்டி. எனவே புரோகிராமில் பில் தேதியோடு, துணியை ஏற்றுக்கொண்ட தேதிக்கும் ஓர் இடம் வையுங்கள்.