மறுபடியும் பச்சைச் சட்டை

(முன்னாள் படைவீரர்களின் கேள்விகளுக்கு, மதராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருடமும் ராணுவத் தளங்களையும் கிடங்குகளையும் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் எனும் டி.எஸ்.சி.யில் பதின்மூன்றரை வருடமும் இருந்துவிட்டு வந்த ஒருவர் பதில் சொல்கிறார்.)

ஹவில்தாராக 24 வருடம் முடித்து ஊருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வயது 43. கோவையில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. மனசு ஒட்டவில்லை. டி.எஸ்.சி.க்குப் போகலாம் என்று இருக்கிறேன். என் சட்டைக் கையிலுள்ள மூன்று ஃபீத்தி (பதவிப் பட்டை) அப்படியே இருக்குமா? இப்போது வாங்கும் பென்ஷன் நின்றுவிடுமா?
பெயர் வேண்டாம், சூலூர்

ஃபீத்தி இருக்காது தம்பி. ஹவில்தாராக வெளியே வந்திருந்தாலும் அங்கே சிப்பாயாகத்தான் சேர்ப்பார்கள். இதை எனக்கும் முன்கூட்டியே சொன்னார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

2010-இல் காட்பாடியில் மங்களூர் மெயில் ஏறி, மறுநாள் காலை கண்ணூரில் இறங்கினேன். டி.எஸ்.சி. சென்டர் அங்கேதான் இருக்கிறது, போர்ச்சுகீசியர் கட்டிய கடற்கரைக் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில். டிரங்குப் பெட்டியில் பழைய பச்சைச் சட்டை இரண்டு வைத்திருந்தேன். முதல் நாள் ஃபால்-இன்னில் ஒரு உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்), என்னைவிட வயதில் சின்னவர், என் வலது கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். பாரக்குக்குத் திரும்பியதும் பக்கத்துக் கட்டில்காரரிடம் சவர பிளேடு ஒன்று வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். அந்தத் தையல் என் மனைவி போட்டது, அவ்வளவு லேசில் வரவில்லை. பிரித்து முடித்துப் பார்த்தால், சட்டை முழுக்க வெயிலில் வெளுத்திருக்க, ஃபீத்தி இருந்த இடம் மட்டும் புதுத்துணி மாதிரி கரும்பச்சையாக இருக்கிறது. ஃபீத்தி போன பிறகும் அதன் அச்சு கையை விட்டுப் போகவில்லை. புது யூனிபார்ம் கொடுக்கும்வரை அதையே போட்டுக்கொண்டு அலைந்தேன். என்னைப்போல் அச்சுக் கையோடு அங்கே நாற்பது பேர் இருந்தார்கள் என்பதுதான் ஆறுதல்.

பிறகு மகாராஷ்டிரத்தில் ஒரு ஆயுதக் கிடங்குக்குப் போஸ்டிங். அங்கே கார்டு கமாண்டராக இருந்த நாயக்கை, அதாவது ஹவில்தாருக்கு ஒரு படி கீழே உள்ளவரை, பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வெல்லிங்டனில் நான் உஸ்தாதாக இருந்தபோது என் ஸ்குவாடில் ரங்ரூட்டாக, அதாவது புதிதாகச் சேர்ந்து பயிற்சி எடுப்பவனாக, இருந்த பையன். சிப்பாயாகவே பென்ஷனில் வந்து, எனக்கு ஐந்து வருடம் முந்தி டி.எஸ்.சி.யில் சேர்ந்து மேலே போயிருந்தார். ராத்திரி இரண்டு மணி முதல் நாலு மணி வரை நாலாம் நம்பர் டவர் என்று எனக்கு டியூட்டி போட்டுவிட்டு, காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: “இங்க நீங்கதான் என்னை உஸ்தாத்னு கூப்பிடணும், உஸ்தாத்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததால்தான் அங்கே காலம் தள்ள முடிந்தது. வராமல் போன இரண்டு பேர் ஆறே மாதத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். வழி இரண்டு. ஒன்று, பழைய பென்ஷனை வாங்கிக்கொண்டே டி.எஸ்.சி.யில் புதுக்கணக்கு ஆரம்பிப்பது. மாதம் பென்ஷனும் வரும், சம்பளமும் வரும். இன்னொன்று, பழைய சர்வீஸையும் இதையும் சேர்த்து எண்ணச் சொல்லிக் கேட்பது. அப்படிக் கேட்டால் இப்போதைய பென்ஷன் நிற்கும். பெரும்பாலோர் முதல் வழியில்தான் போகிறார்கள். நானும் அதில்தான் போனேன். சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது ஆப்ஷன் படிவமா என்று பார்த்து, படித்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். பத்துப் பேர் வரிசையில் பின்னால் நிற்கிறார்களே என்று அவசரப்படாதீர்கள்.

பலரும் கணக்கில் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். புதுக்கணக்கில் இரண்டாவது பென்ஷன் வேண்டுமென்றால் டி.எஸ்.சி.யில் மட்டும் 15 வருடம் முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு 43. பதினைந்தைக் கூட்டினால் 58. அதற்குள் வயது வரம்பு வந்து உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். கிராஜுவிட்டி கிடைக்கும், இரண்டாவது பென்ஷன் கிடைக்காது. சில மாதங்கள் மட்டும் குறைந்தவர்கள், அதை மன்னித்துப் பென்ஷன் கொடுங்கள் என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டுப் போராடியிருக்கிறார்கள். அதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

நான் 2008-இல் வெளியே வந்தேன். வந்த மாதமே கண்ணூர் போயிருந்தால் பதினைந்தைத் தொட்டிருப்பேன். போகவில்லை. வேலூரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் விசில் ஊதி டூவீலர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கடையில் என் பெயர் யாருக்கும் தெரியாது, ‘மிலிட்டரி’ என்றால் நான். மழை வந்தால் கார் கதவருகே குடை பிடிக்க வேண்டும். குடை பிடிப்பதில் எனக்கு வருத்தமில்லை, சியாச்சினில் மூட்டை தூக்கியவனுக்குக் குடை என்ன பாரம். சம்பளத்தைப் பதினைந்தாம் தேதி, இருபதாம் தேதி என்று இழுப்பார்கள், அதுதான் ஆகவில்லை. அதையும் இதையும் பொறுத்துக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு வருடத்தை ஓட்டினேன். கடைசியில் எனக்குப் பதினைந்துக்கு ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது.

அதனால், இரண்டாவது பென்ஷனை நினைத்துப் போவதாக இருந்தால் உங்கள் வண்டி போய்விட்டது. சம்பளத்துக்காக, கேன்டீன், லங்கர் (பட்டாளச் சமையற்கூடம்) சாப்பாடு, நாலு பேர் சேர்ந்து உட்காரும் அந்த வாழ்க்கைக்காகப் போவதாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி இத்தனை வருடத்துக்குள் வர வேண்டும் என்று வரம்பு உண்டு. நான் போன சமயம் ஜெனரல் டியூட்டிக்கு இரண்டு வருடம் என்றார்கள். மெடிக்கல் ஷேப்-ஒன்னாக, அதாவது உடல்தகுதியில் முதல் தரமாக, இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கில் கேரக்டர் நன்றாக இருக்க வேண்டும். தண்டனை வாங்கியதைக் காட்டும் ரெட் இங்க் என்ட்ரி இருந்தால் எத்தனை, எந்த வருடம் என்று துருவுவார்கள். ஆள்சேர்ப்பு ரேலி அறிவிப்பு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் அந்தத் தாளையே வாங்கிப் படியுங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றுவது போன வருடத்து அறிவிப்பாக இருக்கும். அபார்ட்மென்ட் சூப்பர்வைசர் என்றால் நாற்காலி வேலை, இன்றைக்கே ஓட ஆரம்பியுங்கள். கண்ணூரில் என்னோடு வந்தவர்களில் சர்க்கரையால் திரும்பியவர்களைவிடத் தொப்பையால் மூச்சுவாங்கியவர்கள்தான் அதிகம்.

ஆறு வருடம் சர்வீஸ் செய்து, அப்பா இறந்ததால் குடும்பச் சூழ்நிலை காட்டி டிஸ்சார்ஜ் வாங்கி வந்தேன். பென்ஷன் இல்லை. இப்போது வயது 34, திருப்பூரில் சொந்தமாக பிரின்டிங் யூனிட். பழைய பட்டாளத்துக்கே திரும்ப முடியுமா?
ஒரு வாசகர், அவினாசி

பழைய யூனிட்டுக்கு என்றால், அது கிட்டத்தட்ட அடைத்த கதவு. நீங்களே கேட்டு வெளியே வந்தவர். அதற்காக அலைய வேண்டாம்.

பக்கத்திலேயே வேறு கதவு இருக்கிறது. பிராந்திய சேனை, நம் வழக்கில் டெரிட்டோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ. 1949 அக்டோபர் 9-இல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கிவைத்தது. மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110-ஆவது டி.ஏ. பட்டாலியன் உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில், கோவையிலேயே இருக்கிறது. அங்கே சேருகிறவருக்குச் சொந்தப் பிழைப்பு இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படையே, உங்கள் பிரின்டிங் யூனிட் அதற்கு இடைஞ்சல் இல்லை. 42 வயது வரை எடுப்பார்கள். வருடத்தில் குறிப்பிட்ட காலம் பயிற்சி, அழைத்தால் முழுநேர டியூட்டி. டியூட்டியில் இருக்கும் நாளுக்குத்தான் சம்பளம், இதை வீட்டில் சொல்லிவிடுங்கள். கிரிக்கெட் தோனி 2019-இல் காஷ்மீரில் பதினைந்து நாள் டியூட்டி பார்த்தாரே, அது இந்த டி.ஏ.தான். அவர் கௌரவ லெப்டினன்ட் கர்னல். நீங்கள் சிப்பாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கணவர் பட்டாளத்திலிருந்து வந்து ஒரு வருடம். வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம், பையன் புத்தகப்பை வரை சோதனை போடுகிறார். இப்போது டி.எஸ்.சி.க்குப் போகிறேன் என்கிறார். பையன் பத்தாம் வகுப்பு. “மறுபடியும் போய் வாட்ச்மேன் வேலைதானே” என்று என் அண்ணன் கேலி செய்கிறார். தடுக்கவா, அனுப்பவா?
ஒரு சகோதரி, சாத்தூர்

அம்மா, முதலில் அண்ணனுக்கு. 2016 ஜனவரி 2, விடியற்காலை, பதான்கோட் விமானப்படைத் தளம். உள்ளே புகுந்த தீவிரவாதிகள் எதிர்கொண்டது டி.எஸ்.சி. ஆட்களைத்தான். அதில் ஜகதீஷ் சந்த் என்ற சிப்பாய், பட்டாளத்தில் ஒருமுறை சர்வீஸ் முடித்து மறுபடி சேர்ந்தவர். கையில் ஆயுதம் இல்லை. ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டார். மற்றவர்கள் அவரைச் சுட்டுவிட்டார்கள். கீர்த்தி சக்ரா கொடுத்தார்கள். அன்று இறந்த டி.எஸ்.சி. ஆட்களில் ஃபதே சிங்கும் ஒருவர், 1995-இல் காமன்வெல்த் துப்பாக்கிச் சுடும் போட்டியில் பதக்கம் வாங்கியவர். வாட்ச்மேன் என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. இந்த இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு டீ சாப்பிடப் போய்விடுவேன்.

இனி உங்களுக்கு. நானும் ஊருக்கு வந்த புதிதில் இப்படித்தான் இருந்தேன். காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், செய்ய ஒன்றும் இருக்காது. வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக ஒரே கோட்டில் வைப்பேன். மகள் அவசரத்தில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினால் எனக்குச் சுர்ரென்று வரும். செருப்புக்காக ஒரு பெண்பிள்ளையைத் திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இருபத்து நாலு வருடத்தில் நான் வீட்டிலிருந்த நாட்களெல்லாம் லீவு நாட்கள். லீவில் வந்தவனுக்குக் கறிக்குழம்பு உண்டு, எதிர்பேச்சு கிடையாது. லீவு முடியாமல் நீண்டுகொண்டே போனால் யாருக்குத்தான் தாங்கும், அவர்களுக்கும் எனக்கும்.

போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி தடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “உங்களுக்கு ஊர் பிடிக்கலையா, எங்களைப் பிடிக்கலையா?” இரண்டு நாள் கழித்து, ஊர்தான் என்றேன். அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு மாதம் நான் செருப்பைத் தொடவில்லை.

அதே கேள்வியை உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பதில் வர நாளாகும், விட்டுவிடுங்கள். அவர் போவதாகவே முடிவானால் இரண்டு விஷயம். ஆவடி, அருவங்காடு, சூலூர், அரக்கோணம் என்று நம் பக்கமே போஸ்டிங் கிடைக்கும் என்று அவர் சொன்னால், கிடைத்தால் பார்ப்போம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசி மூன்று வருடம்தான் தமிழ்நாடு. குவார்ட்டர்ஸும் கேட்ட உடனே கிடைக்காது, அதனால் பையனின் பள்ளிக்கூடத்தை மாற்றும் யோசனை இப்போது வேண்டாம். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக் இரண்டுக்கும் நகல் எடுத்து உங்கள் பீரோவில் வையுங்கள். பி.பி.ஓ.வில் உங்கள் பெயர், பிறந்த தேதி ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அவர் ஊரில் இருக்கும்போதே சரிபாருங்கள். அவர் டியூட்டிக்குப் போன பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த நீங்கள் எத்தனை பஸ் ஏற வேண்டும் என்பதை என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

மகன் அக்னிவீர் முதல் பேட்ச். நாலு வருடம் முடிந்து படையிலேயே வைத்துக்கொள்ளவில்லை என்றால் மறுபடி சீருடை போட வழி உண்டா?
ஒரு தந்தை, போளூர்

படையில் வைத்துக்கொள்வது 25 சதவீதம் வரைதான். அதில் வந்துவிட்டால் இன்னும் 15 வருடம், பென்ஷனோடு. வராவிட்டால் சேவா நிதி சுமார் 11.71 லட்சம் கையில் கிடைக்கும். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. ஆகையால் என் வழி அவனுக்குப் பொருந்தாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீர்களுக்கு இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. முதல் பேட்சுக்கு அந்தத் தளர்வு 5 வருடம். அந்தப் படைகளுக்கு ஆள் எடுக்க அடுத்து வரும் எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) கான்ஸ்டபிள் தேர்வுக்கு யூனிட்டில் இருக்கும்போதே படிக்கச் சொல்லுங்கள், ஊருக்கு வந்தபின் படிக்கலாம் என்றால் கல்யாணங்களும் திருவிழாக்களும் விடாது.

பணம் வந்ததும் முதல் வேலையாக புல்லட் வாங்கிவிடப் போகிறான், பார்த்துக்கொள்ளுங்கள். 2008-இல் நான் வாங்கினேன். மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது, சீட்டில் கோழி அடைகாக்கிறது.