ஏ.இ.டி. வாங்குமுன் பேட் விலையைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பு சென்னை ஓ.எம்.ஆர். பக்கம். ஆறு பிளாக், 240 வீடுகள். போன மாதம் மாலை வாக்கிங் போய்க்கொண்டிருந்த 61 வயதுக்காரர் ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து ஏ.இ.டி. என்கிற ஷாக் கொடுக்கும் கருவியை வாங்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு. இரண்டு டீலர்களிடம் கோட்டேஷன் வாங்கினோம்: ஒன்று 1,45,000 ரூபாய், இன்னொன்று 98,000. இணையத்தில் பழைய கருவி 42,000-க்குக் கிடைக்கிறது என்கிறார் ஒருவர். "பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, இது எதற்கு?" என்கிறார் பொருளாளர். என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர்

பதில்: பொருளாளருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினாலும் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசம் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது வேறு, இதயமே திடீரென நின்றுபோவது. பல நேரம் இதயத்தின் மின்சாரம் குழம்பிவிடும். தசை துடிக்காமல் வெறுமனே நடுங்கும், ரத்தம் ஓடாது, ஆள் சில நொடியில் நினைவிழப்பார். ஷாக் அந்த நடுக்கத்தை நிறுத்தி, இதயம் மறுபடி தன் தாளத்தைப் பிடிக்க வழிவிடுகிறது. எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மாலை ஆறரை மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளுக்கு இந்தக் கருவியைப் பழக்கிப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணெதிரே விழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். ஷாக் கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, நம் செக்யூரிட்டி மாதிரி ஆட்கள்தான்.

சரி, கோட்டேஷனுக்கு வருவோம். இங்க்ஜெட் பிரிண்டரை மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு இங்க்குக்கு அழுதவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஏ.இ.டி.யில் செலவு இழுப்பது பேட் எனப்படும் ஒட்டும் பட்டைகளும் பேட்டரியும். பேட்டில் இருக்கும் ஜெல் காய்ந்துபோகும். அதனால் கருவியை ஒருமுறைகூடத் திறக்காவிட்டாலும் பேட்டுக்குக் காலாவதி தேதி உண்டு. சில கம்பெனி பேட் இரண்டு வருடம் வரும், சிலது நான்கைந்து வருடம். பேட்டரியும் அப்படியே. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம், எண்கள் என்னுடையவை. 98,000 ரூபாய்க் கருவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மூன்று தடவை 9,000-க்கு பேட், நான்காம் வருடம் 22,000-க்கு பேட்டரி என்றால், எட்டு வருடத்தில் மொத்தம் 1,47,000. விலை கூடின கருவிக்கு நான்காம் வருடம் ஒரே ஒருமுறை பேட் 10,000, பேட்டரி 15,000 என்றால் 1,70,000. 47,000 ரூபாய் வித்தியாசம் 23,000 ஆகிவிட்டது. இதே கணக்கை உங்கள் டீலர்கள் தரும் எண்களை வைத்துப் போடுங்கள். அந்த எண்களை எழுத்தில் தரத் தயங்குகிற டீலரை அங்கேயே விட்டுவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். கோட்டேஷனில் பழைய 12 நிற்கிறதா என்றும் பாருங்கள்.

42,000 ரூபாய்ப் பழைய கருவி வேண்டாம். எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டியதோ, அதற்கு பேட் இங்கே கிடைக்குமோ கிடைக்காதோ. முறைப்படி இறக்குமதியான கருவியின் லேபிளில் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கும். அது இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் டீலரை டெமோவுக்கு வரச் சொல்லுங்கள். ஆனால் கருவியை அவர் திறக்கக் கூடாது, உங்கள் செக்யூரிட்டி திறக்கட்டும். மூடியைத் திறந்ததும் அது பேச ஆரம்பிக்கும்: பேட்டை ஒட்டு, ஆளைத் தொடாதே, பட்டனை அழுத்து. எந்த மொழியில் பேசுகிறது என்பதுதான் இங்கே சங்கதி. உங்கள் இரவு செக்யூரிட்டி ஒடிசாக்காரராக இருப்பார், கருவி அமெரிக்க உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசும். தமிழோ இந்தியோ பேசும் மாடல் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் படம் பார்த்தே புரிகிற மாடலாக எடுங்கள். ஷாக்கைத் தானே கொடுக்கும் மாடலும் உண்டு, பட்டனை நாம் அழுத்தும் மாடலும் உண்டு. இரண்டும் சரிதான், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன. தெரிந்தவர் ஒருவரின் குடியிருப்புக்குப் போயிருந்தபோது "எங்களிடம் ஏ.இ.டி. இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னார்கள். பார்க்கலாமா என்றேன். ஆபீஸ் அறையில் ஸ்டீல் பீரோ, பீரோவுக்குப் பூட்டு, சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் திறந்து காட்டினார்கள். பச்சையாக இருக்க வேண்டிய சின்ன விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. பேட் பாக்கெட்டில் தேதி முடிந்து பதினான்கு மாதம். திருட்டுப் போய்விடுமே என்று பூட்டினார்களாம். திறந்தால் அலாரம் அடிக்கிற கண்ணாடிப் பெட்டியைச் சுவரில் மாட்டினால் அந்தப் பயமும் தீரும், பூட்டும் தேவைப்படாது. சிகாகோ விமான நிலையங்களில் இரண்டு கருவிகளுக்கு இடையே வேக நடையில் 60 முதல் 90 நொடிதான் தூரம். நீங்களும் கடைசி பிளாக்கிலிருந்து கருவி வரை ஒருவரை ஓடவிட்டு, திரும்பி வரும் வரை ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். லிஃப்ட்டுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள், அல்லது இரண்டாவது கருவிக்கு நிதி திரட்டுங்கள். வெயில் நேராக அடிக்கும் கேட் கேபினில் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதத்திலிருந்து அடுக்குமாடிகளில் இது கட்டாயம், இப்போதே வாங்கினால் தள்ளுபடி என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. ஷாக் கொடுத்து ஆள் இறந்துவிட்டால் கேஸ் நம்மேல் வரும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார்.
– வாசகர், வேளச்சேரி

பதில்: முதல் ஆளிடம் அரசாணை எண்ணைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது பயம் நியாயமானதுதான், ஆனால் தேவையற்றது. துடிப்பு குழம்பியிருந்தால் மட்டுமே கருவி ஷாக் கொடுக்கும். இதயம் ஒழுங்காகத் துடிக்கிறவருக்கு நீங்கள் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கொடுக்காது. சினிமாவில் திரையில் நேர்கோடு ஓடும்போது ஷாக் வைப்பார்களே, அந்த நேர்கோட்டுக்கும் இது கொடுக்காது. கையால் நெஞ்சை அமுக்கும் முதலுதவியைத் தொடரச் சொல்லும். சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு தரும் பாதுகாப்பு சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு மட்டும். ஆனால், சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வதைக் குற்றமாகக் கருதாத பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92 ஆக இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30.

கேள்வி: எங்கள் ஷட்டில் கிளப்புக்கு மூன்று வருடம் முன்பு ஏ.இ.டி. வாங்கினோம். பேட் காலாவதி. டீலர் ஆறு மாதமாக "ஸ்டாக் வரும்" என்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை. ஐந்து வருட வாரண்டி என்று பில்லில் இருக்கிறது.
– கிளப் உறுப்பினர், மதுரை

பதில்: வேறு கம்பெனி பேட்டை மாட்டலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம், பிளக் பொருந்தினாலும் வேண்டாம். டீலரை விட்டுவிட்டு, லேபிளில் இருக்கும் இறக்குமதியாளருக்கு சீரியல் எண்ணோடு பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். பல நேரம் டீலர்தான் ஏஜென்சியை விட்டிருப்பார், கம்பெனி வேறொருவர் மூலம் விற்றுக்கொண்டிருக்கும். பதினைந்து நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் கிளப் பெயரில் இருக்கிறதா, தனி உறுப்பினர் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே போடுவது நல்லது.

அதுவரை கருவியைக் கழற்றி உள்ளே வைத்துவிடாதீர்கள். தேதி முடிந்த பேட், பேட்டே இல்லாததைவிட மேல். ஜெல் ஓரளவு ஈரமாக இருந்தால் வேலை செய்யக்கூடும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "இங்கே பிளாக் லிஃப்ட் அருகிலேயே மாட்டியிருக்கிறார்கள், வீட்டுக்கு ஒன்று வாங்கி அனுப்புகிறேன்" என்கிறான்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தம்பி சொல்வது உண்மைதான். அங்கே அரசு அடுக்குமாடிகளில் இரண்டு பிளாக்குக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான வீட்டுக்குப் பொதுவான கருவி அது. ஒரே வீட்டுக்கு ஒன்று என்பது வேறு கணக்கு. அட்டாக் வந்து பிழைத்த 7,001 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளியானது. வீட்டில் கருவி இருந்த குடும்பங்களிலும், நெஞ்சை அமுக்கும் முதலுதவியான சி.பி.ஆர். மட்டும் கற்றுக்கொண்ட குடும்பங்களிலும் இறப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தூக்கத்தில் நின்றால் யார் பார்ப்பது? பார்த்தாலும் வீட்டில் இருப்பது வயதான அம்மா மட்டும் என்றால்?

அந்தப் பணத்துக்கு முன், அடுத்த முறை இதய டாக்டரைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பாவின் இதயப் பம்பிங் எத்தனை சதவீதம்? உடலுக்குள் பொருத்தும் ஷாக் கருவியான ஐ.சி.டி. அவருக்குத் தேவைப்படுமா?" பம்பிங் 35-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் அந்தப் பேச்சைக் கட்டாயம் எடுக்க வேண்டும். டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021-இல் மைதானத்திலேயே சரிந்தாரே, அவரை மைதானத்தில் கொடுத்த ஷாக் மீட்டது. பிறகு அவருக்குப் பொருத்தியது ஐ.சி.டி.தான். அதோடுதான் திரும்பவும் ஆட வந்தார்.

கேள்வி: சி.பி.ஆர்., ஏ.இ.டி. பயிற்சிக்குத் தலைக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் போதாதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பார்ப்பது வேறு, அமுக்குவது வேறு. நெஞ்செலும்பு ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பொம்மையின் மேல் ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பலம் கேட்கிறது என்று தெரியும். இரண்டு நிமிடத்தில் கை துவண்டுவிடும். அதனால்தான் ஆள் மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு பொம்மை? நாற்பது பேருக்கு ஒரு பொம்மை, ஸ்லைடு ஒன்றரை மணி நேரம், கடைசியில் சான்றிதழோடு போட்டோ என்றால் யூடியூபே தேவலை. ஆறேழு பேருக்கு ஒன்று, ஆளுக்கு இரண்டு நிமிடம், பயிற்சிப் பேட்டை ஒட்டிப் பார்ப்பது என்றால் 1,500 தாராளமாகத் தரலாம். அமெரிக்க முத்திரைச் சான்றிதழ் வேண்டியதில்லை. வாய் வைத்து ஊதாமல் நெஞ்சை மட்டும் அமுக்கும் முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் பொதுமக்களுக்கென்றே வகுத்திருக்கிறார்கள். அது போதும்.

நம் ஊருக்கென்று சில சந்தேகங்கள் உண்டு. பயிற்சியாளர் அவற்றைச் சொல்கிறாரா என்று பாருங்கள். இதயம் நின்றவுடன் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். நாம் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்போம். குறட்டை மாதிரி விட்டு விட்டு ஒரு மூச்சு வரும். "மூச்சு இருக்கிறது" என்று சோடா தெளித்துக்கொண்டிருப்போம். அது மூச்சல்ல. ஆள் அசையாமல் இப்படி இழுத்தால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அமுக்க ஆரம்பிக்க வேண்டும். விழுந்தது பெண் என்றால் சுற்றியிருப்பவர்கள் சட்டையைத் தளர்த்தவே தயங்குவார்கள். பேட் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். தாலியைக் கழற்றத் தேவையில்லை, பேட்டுக்கு அடியில் வராமல் ஒதுக்கினால் போதும். நம் வெயிலுக்கு நெஞ்சு வியர்வையில் ஊறியிருக்கும். பெட்டிக்குள் ஒரு துண்டும், ரோமத்தை மழிக்க ஒரு ரேஸரும், கத்தரிக்கோலும் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பழக்கிய செக்யூரிட்டி ஆறு மாதத்தில் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். செக்யூரிட்டி ஏஜென்சியோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, மாற்றி அனுப்பும் ஆளுக்கும் இந்தப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.