ஐந்து மூட்டை யூரியா போட்டும் நெல் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: புதுச்சேரி கிருமாம்பாக்கம் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன். போர் தண்ணீரில் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று போகமும் நெல்தான். ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போட்டு வந்தேன். இப்போது ஐந்து போட்டும் பயிர் மஞ்சளாகவே நிற்கிறது. சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் விடவில்லை. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ஆறாவது மூட்டையை வாங்காதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 21 கிலோ. ஐந்து மூட்டையில் நூறு கிலோவைத் தாண்டிவிடுகிறது. மத்திய கால ரகத்துக்கான பொதுப் பரிந்துரை ஏக்கருக்குச் சுமார் 60 கிலோதான். பயிர் எடுத்தது போக மீதியில் ஒரு பங்கு அமோனியாவாக ஆவியாகிறது. ஒரு பங்கு நைட்ரேட்டாக நிலத்தடிக்கு இறங்குகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றும் வாயு அது. வீட்டுக் குடிநீரும் அதே போரில் இருந்துதான் என்றால் நைட்ரேட் பரிசோதனை செய்துவிடுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

அடுத்து, அந்த மஞ்சளை உற்றுப் பாருங்கள். அடி இலைகள் ஒரே சீராக வெளுத்தால்தான் அது தழைச்சத்துக் குறை. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகக் குறை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போதும். இலை நுனி வெளுத்துக் கருகினால் உப்பு. பின்னவை இரண்டுக்கும் யூரியா மருந்தே அல்ல. ஆனால் மஞ்சளைக் கண்டாலே கை யூரியா மூட்டைக்குத்தான் போகிறது.

புகையானுக்கும் இந்த யூரியாதான் விருந்து வைக்கிறது. தழை மிஞ்சிய பயிர் நெருங்கி வளர்ந்து, சாறு ஊறி நிற்கும். அதன்மேல் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகின்றன. புகையான் முன்னிலும் பெருகுகிறது. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும், இரண்டு புகையான் வரும்வரை மருந்தே வேண்டாம்.

உப்பு விஷயம் உங்கள் வரப்போடு நிற்பதில்லை. கடலோர மணல் அடுக்கில் நன்னீர், கனத்த கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் உப்புநீர் சுமார் 40 மீட்டர் ஏறும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. இடத்துக்கு இடம் அளவு மாறலாம். ஆனால் கோடையில் ஊரே மோட்டார் போட்டால் உப்பு உள்ளே வரத்தான் செய்யும்.

ஆகவே கோடைப் போகமான சொர்ணவாரி நெல்லை விடுங்கள் என்பதே என் கருத்து. வருமானம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அதிகத் தண்ணீரைக் குடிப்பது அந்தப் போகம்தான். சம்பாவுக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். உப்பையும் ஓரளவு தாங்கும் பயிர் அது; சம்பாவுக்கு யூரியாவைக் குறைக்கவும் வழிவிடும். நவரையில் ஒரு பாதியை உளுந்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையை எல்லோரும் சொல்வார்கள். நீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். ஆனால் உப்பேறிய மண்ணில் காயவிட்டால் உப்பு மேலே பூத்துவிடும். அதனால் முதலில் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பாருங்கள். மீட்டருக்கு 2 டெசிசைமன்ஸைத் தாண்டினால் அந்த முறை உங்களுக்கு வேண்டாம். மோட்டார் அரை மணி நேரம் ஓடிய பிறகு மாதிரி பிடியுங்கள். மே மாதம் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று எடுத்து, குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி விசாரியுங்கள்.