சலுகையா அது?

கேள்வி: வாலிபால் அணியில் ஒருவர் மட்டும் வேறு நிற ஜெர்சி போட்டு ஆடுகிறாரே, 'லிபரோ' என்று. குள்ளமானவர்களுக்குக் கொடுத்த சலுகையா அது? பெயர் எங்கிருந்து வந்தது?

பதில்: சலுகையா? அவர் பிளாக் செய்யக் கூடாது, அதாவது எதிராளி அடிக்கும் பந்தை வலையோரம் எம்பித் தடுக்கக் கூடாது, அதற்கு முயன்றாலே தவறு. வலைக்கு மேலே முழுசாக நிற்கும் பந்தை எதிராளி பக்கம் அடிக்கக் கூடாது. சர்வதேச விதிப்படி சர்வீஸும் கிடையாது. பின்வரிசையை விட்டு முன்வரிசைக்கு வரவே முடியாது. சலுகை என்ற சொல்லை வாபஸ் வாங்குங்கள் சார்.

பெயர் கால்பந்திலிருந்து வந்தது. இத்தாலியில் தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கொரு எதிராளியை ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். யாரையும் ஒட்டாமல், எல்லோருக்கும் பின்னால் நின்று, தப்பி வருகிற பந்தைத் துடைத்தெடுப்பவர்தான் லிபரோ, அதாவது கட்டில்லாதவர். 1964, 1965 இரண்டு வருடமும் இன்டர் மிலான் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அந்த இடத்தில் நின்றவர் அர்மாந்தோ பிக்கி.

வாலிபாலில் ஸ்மாஷும் ஜம்ப் சர்வீஸும் பலத்துப்போய், பந்து இரண்டு கை மாறுவதற்குள் பாயிண்ட் முடிந்துகொண்டிருந்தது. ஆட்டம் நீளட்டும் என்று, பின்னால் நின்று பந்தைத் தரையில் விழாமல் எடுப்பதற்கென்றே 1998-ல் சர்வதேசப் போட்டிகளில் லிபரோவைக் கொண்டுவந்தார்கள். அவர் உள்ளே வருவதும் வெளியே போவதும் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராது. நடுவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியத்தான் அந்த வேறு நிறம்.

அப்புறம் அந்தக் 'குள்ளம்'. பிரேசிலின் செர்ஜியோ ஆறடி ஆள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் லிபரோ, வயது 40. போட்டியின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வருகிற சர்வீஸை, முழங்கால் மடக்கி, இரண்டு முன்கைகளையும் சேர்த்து வாங்கி, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் நிற்கிற இடத்துக்கே மெதுவாக அனுப்ப வேண்டும். கை ஒரு விரற்கடை சாய்ந்தால் பந்து கேலரிக்குப் போய்விடும்.

டேப் வைத்து உயரம் அளந்து பையன்களைக் கழித்துக்கட்டும் பயிற்சியாளர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. பந்து விழப்போகிற இடத்துக்கு யார் முதலில் போகிறான் என்று பாருங்கள் என்றால், ஒருவரும் கேட்பதில்லை. டோர்னமென்ட் நடத்துகிறவர்களும் அப்படியே. சிறந்த அட்டாக்கருக்கு ஆளுயரக் கோப்பை, நாள் முழுக்கத் தரையில் விழுந்து முட்டி தேய்ந்தவனுக்குக் கைதட்டல்கூட இல்லை. இந்தக் கோடையில் யாராவது சிறந்த லிபரோவுக்கு ஒரு கோப்பை வையுங்கள். அந்தப் பையனின் படத்தை முழுப் பக்கத்தில் நான் போடுகிறேன்.