தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற வழக்கறிஞர் திருச்சபைப் பொறுப்பையும் சமூகப் பணியையும் ஏற்கலாமா?

36 ஆண்டுகள் உரிமையியல் வழக்குகளை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு 6 ஆண்டுகள் எங்கள் சபையின் செயலராக இருந்தேன். தாராளமாக ஏற்கலாம் என்பதே என் பதில். ஆனால் நீதிமன்றத்தில் நமக்குப் பெயர் வாங்கித் தந்த திறமைகளில் பாதியைச் சபையின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். எந்தப் பாதி என்பதை, ஒருவரைப் புண்படுத்திய பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

பொறுப்பேற்ற முதல் ஆண்டின் கணக்குக் கூட்டத்தில், சில செலவுகளுக்கு ரசீது இல்லாததைக் கண்டு, பல ஆண்டுகளாக ஊதியமின்றிக் கணக்கெழுதி வந்த முதியவரான எங்கள் பொருளாளரை எழுந்து நிற்கச் செய்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். கேட்டவற்றில் ஒன்றுகூடத் தேவையற்ற கேள்வி அன்று; ஆனால் ஒவ்வொன்றையும் ஆம், இல்லை என்பதற்கு மேல் அவர் பேச முடியாதபடி அமைத்திருந்தேன். குறுக்கு விசாரணையில் பழகிய நாக்கு அப்படித்தான் கேட்கும். மறுவாரமே ரசீதுகள் அனைத்தும் அவர் வீட்டு அலமாரியில் ஒரு துணிப்பையில் கிடைத்தன. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் அவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். மூன்று முறை வீடு தேடிச் சென்று வருத்தம் தெரிவித்தேன். மூன்று முறையும் மரியாதையாகப் பேசி அனுப்பினார், பொறுப்புக்கு மட்டும் திரும்பவில்லை. நீதிமன்றத்தில் விசாரணை முடிந்ததும் சாட்சி கூண்டை விட்டு இறங்கிப் போய்விடுவார். சபையிலோ அடுத்த ஞாயிறே அவர் அருகில் அமர்ந்து அதே பாட்டைப் பாட வேண்டும்.

தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு, கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல், அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குச் சொல் என்பது மத்தேயு 18ஆம் அதிகாரம் வகுக்கும் வரிசை. நான் அதைச் சபையில் தொடங்கித் தனிமையில் முடித்திருந்தேன்.

விடாமல் வைத்துக்கொள்ள வேண்டிய பாதியும் உண்டு. நிறைவேறிய தீர்மானத்தை அந்தக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவதும், மறுதரப்பைக் கேளாமல் முடிவெடுக்காதிருப்பதும், தன் உறவினர் தொடர்பான பொருள் விவாதத்துக்கு வரும்போது எழுந்து வெளியே செல்வதும் நம் தொழில் நமக்குப் பழக்கிய ஒழுக்கங்கள். சபையில் இவற்றுக்குத் தொடக்கத்தில் முகச்சுளிப்பு எழும், பிறகு பழகிவிடும்.

சபையார் இருவர் தங்களுக்குள் வழக்காடினால் எந்தத் தரப்புக்கும் வக்காலத்து ஏற்காதீர்கள். விசுவாசிகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுப்பதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார். அந்த வசனத்தைக் காட்டி எளியவரின் நியாயமான கோரிக்கையை அடக்குவோரைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அந்தப் பவுலே தமக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனிடம், அதாவது ரோமப் பேரரசரிடம், மேல்முறையீடு செய்தவர்தாம்.

சமூகப் பணியைப் பொறுத்தவரை நம் தொழிலுக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். இன்றைய பிரான்சின் பகுதியான பிரெத்தானியாவில் 1253 முதல் 1303 வரை வாழ்ந்த புனித ஈவோ, குருவாகவும் வழக்கறிஞராகவும் இருந்து ஏழைகளுக்காக இலவசமாக வாதாடியவர். வழக்கறிஞராக இருந்தும் கொள்ளைக்காரராக இல்லாதது மக்களுக்கு வியப்பாக இருந்தது என்று அவரைப் பற்றி ஒரு பழைய இலத்தீன் பாட்டு உண்டு. நம்மைக் குத்தும் புகழ்ச்சி அது! மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை, ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862இல் நூலாக வெளியிட்டார். சட்டம் சாதாரண மக்களின் மொழியில் அவர்களைச் சென்றடைய வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தைத்தான் நான் என் அளவில் பின்பற்றுகிறேன்.

சனிக்கிழமை மாலைகளில் சபைக்கூடத்தின் ஓர் அறையில் அமர்கிறேன். எந்தச் சமயத்தவரும் தம் காகிதங்களுடன் வரலாம். வருவோரில் பாதிப் பேருக்கு வழக்கே கிடையாது, கைக்கு வந்த அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத அச்சம்தான். அதை உரக்க வாசித்து, பொருள் சொல்லி, எந்தத் தேதிக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பதை ஓரத்தில் பெரிய எழுத்தில் குறித்துக் கொடுக்கிறேன். வழக்காடியே ஆக வேண்டும் என்ற நிலை தெரிந்தால், இப்போது தொழில் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பிவிடுகிறேன். கறுப்புக் கோட்டை மறுபடி எடுக்கும் ஆசை வரும்போதெல்லாம் அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்துவிடுகிறது.